பதினோரு வருஷத்து வீட்டுப் பாட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான் சுகம், என் வலது முழங்கால் பாதி சுகம், பியானோவுக்குப் போன வாரம்தான் சுதி சேர்த்ததால் அது எங்கள் இரண்டு பேரைவிடவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் என் பேரக்குழந்தை வாலும் எப்படி இருக்கிறீர்கள், வாலுக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா, பனி குறைந்ததா என்று நினைத்தபடியே இதை எழுத உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அதற்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். உன் அப்பாவின் புத்தி அது, எதைப் பார்த்தாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது. இது வழி தேவைப்படாத விஷயம், அதனால் நீ குறுக்கே பேச முடியாதபடி காகிதத்தில் எழுதுகிறேன். குளிக்கப் போகும் அவசரத்தில் படிக்காதே, வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்து படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில், ‘என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கே’ என்று கேட்டாய், நான் சளி என்றேன். சளி இல்லை கண்ணா. உன் அப்பா போய் மூன்று வருஷம் முடிந்த வாரம் அது. என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அதே வீட்டில்தான் வளர்ந்தாய், ஆனால் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அம்மா எதற்காக என்ன செய்தாள் என்பது தெரிவதில்லை, சத்தம் மட்டும்தான் காதில் விழும்.

நான் பியானோ கற்றுக்கொள்ளப் போனது முப்பத்திரண்டு வயதில். பகலெல்லாம் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுவது என் வேலை. கண் கண்ணாடியில் இருக்கும், கை பக்கத்திலிருக்கும் எண்ணுகிற பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு வகை அணுவுக்கும் ஒரு விசை, பார்க்காமலே தட்ட வேண்டும், நூறு ஆனதும் பெட்டி மணி அடிக்கும். ஒரு நாள் பக்கத்து மேஜைக்காரி, ‘நீ எண்ணுறது பியானோ வாசிக்கிற மாதிரி இருக்குடி’ என்றாள். அவள் சும்மா சொன்னாள், எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. வேலை விட்டு வரும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு இருந்தது, சேர்ந்துவிட்டேன். ஒன்பது பேர். சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். எங்கள் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார், எதை வாசித்தாலும் ஓட்டமாக ஓடுவார், சீக்கிரம் முடித்தால் வலிக்காது என்று தொழிலில் வந்த பழக்கம் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கூட்டத்தில் இன்று மிச்சம் நாலு பேர். இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பள்ளிக்கூடத்து இசை அறையில் கூடி ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டுகிறோம், கைதட்டுவதற்கு மூன்று பேர் மட்டுமே உள்ள கச்சேரி. நம் வீட்டுப் பியானோ வந்த கதை உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது ஆறு வயது. நடனக் கூடம் ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உன் அப்பா லிப்ட் பழுது பார்க்கிற தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்து, சங்கிலியும் கப்பியும் மாட்டி, படிக்கட்டின் நடுவெளி வழியாக அதைத் தொங்கவிட்டு மேலே ஏற்றினார். பியானோ அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தது. நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ‘யானை பறக்குது’ என்றாய்.

பல வருஷம் நான் இசைப் புத்தகத்தில் இருப்பதை மட்டுமே வாசித்தேன். எனக்கு அதில் குறையே இருந்ததில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஓர் அறையில் அதை எழுதியவர் எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினாரோ அதே இடத்தில், சமையலறைக்குப் பக்கத்து அறையில், நானும் நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தில் அவரும் நானும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்வதுபோல இருக்கும். மூன்று பகுதியுள்ள ஒரு சொனாட்டாவின் மெதுவான பகுதியை மட்டும் ஐந்து மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். இடது கைச் சுண்டுவிரல் எட்டாத ஓர் இடம், எட்டுகிற நாளில் அன்றைக்கு முழுவதும் வேலையில் எனக்குக் கால் தரையில் பாவாது. அப்படி ஒரு மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா வேலையிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு கதவில் சாய்ந்து, ‘இதுல நீ எங்க இருக்க?’ என்று கேட்டார். நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் வாசிக்கிறேனே, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் அவரிடம், ‘நீங்க கேட்டது சரிதான்’ என்று ஆரம்பித்தேன். அவர் விழித்தார். எந்தப் பக்கத்தில் இருக்கிறாய், இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது, அடுப்பைப் பற்றவைக்கலாமா என்பதுதான் அவர் கேட்டதாம்.

ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கட்டையைத் தொட்டேன், அது இன்னொன்றைக் கேட்டது, கொடுத்தேன். பத்து நிமிஷம் போனது தெரியவில்லை. மனோதர்மம் என்று பெரியவர்கள் பெரிய வார்த்தை வைத்திருக்கிறார்கள், உன் அப்பா வைத்த பெயர் வீட்டுப் பாட்டு. புத்தகத்தில் இருப்பது வெளியே போகிற உடுப்பு போட்ட பாட்டு, இது வீட்டில் கிடக்கிற உடுப்பு போட்ட பாட்டு என்பார். சாயங்காலம் புத்தகம், காலையில் ஆறரையிலிருந்து ஏழு வரை வீட்டுப் பாட்டு என்று ஆகிவிட்டது. ஜன்னல் வெளுக்கும், எதிர்க்கட்டடத்துச் சுவரில் வெயில் ஒரு செங்கல் ஒரு செங்கலாக இறங்கிவரும், நான் அதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன், வாசிப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். ஒரே ஒரு சங்கடம், அதற்கு முடிவு கிடையாது. ரத்தம் எண்ணுகிற பெட்டிபோல மணி அடிக்காது. கை நின்றதும் அடுத்த அறையிலிருந்து உன் அப்பா, ‘முடிஞ்சிடுச்சா, மூச்சு வாங்குறியா?’ என்று கேட்பார். நான் முடிந்தது என்றால்தான் குழாயைத் திறப்பார், பாத்திரத்தை உருட்டுவார், அதுவரைக்கும் காலிக் கோப்பையோடு நிற்பார். பல நாள் அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும், முடிந்துவிட்டது என்று. அவர்தான் அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிவந்து அலமாரி மேல் வைத்தார். ‘ரெண்டாவது தடவ உன்னால வாசிக்க முடியாதுல்ல, அது கேட்டு வச்சுக்கட்டும்’ என்றார். தினமும் காலையில் சிவப்புப் பொத்தானை அமுக்குவது அவர் வேலை. பதினோரு வருஷம். அதில் என் வாசிப்பு மட்டுமா இருந்தது. நீ நீலச் சட்டையைக் காணோம் என்று கத்தியது, மழை, பால்காரரின் மணி, நீ பெட்டியோடு கிளம்பிப் போன அன்று காலை நான் வாசித்தது, எல்லாவற்றின் கடைசியிலும் அவர் கேள்வி.

அவர் போன பிறகு நான் வீட்டுப் பாட்டு வாசிக்கவில்லை. உனக்கு இதைச் சொல்லவில்லை. பியானோ வாசிக்கிறாயா என்று நீ கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்றேன், பொய் இல்லை, புத்தகத்தில் இருப்பதை வாசித்தேன். புத்தகப் பாட்டுக்குக் கடைசியில் இரட்டைக் கோடு போட்டிருக்கும், அங்கே நிறுத்திவிட்டு எழுந்துவிடலாம், யாரும் கேட்க வேண்டியதில்லை. பதிவுகளையும் கேட்கவில்லை. கருவியை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது, நீ லீவில் வரும்போது இரண்டு பேருமாகக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் கல்யாண வீடியோவில் அவர் இருக்கிறார்தான், ஆனால் கேமராவைப் பார்த்துப் பயந்து தூண்போல நிற்கிறார், வாயைத் திறக்கவே இல்லை. அவர் பேச்சு இருந்தது அந்தக் கருவியில் மட்டும்தான்.

மூன்று வருஷம் ஆன அன்று எடுத்தேன். பொத்தானை அமுக்கினால் உயிரே இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உன் வயதுதான் இருப்பார், மரியாதையான ஆள். பேட்டரி உப்பியிருக்கிறது, பார்த்துத் தருகிறேன் என்று ஒரு தாளை நீட்டி, ‘படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடுங்கம்மா’ என்றார். என் மூக்குக்கண்ணாடி பரிசோதனைக் கூடத்தில் கோட்டுப் பையில் இருந்தது. பரவாயில்லப்பா குடு என்று போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக அடுத்தவர்களின் ரத்தத்தில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் பார்த்தவள், உள்ளே இருப்பது அழிந்தாலும் சம்மதம் என்று எழுதியிருந்ததைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நாலு நாள் கழித்துப் போனபோது அவர் அதைத் துணியால் துடைத்து, ‘புதுசு மாதிரி ஆயிடுச்சும்மா’ என்று சந்தோஷமாகக் கொடுத்தார். திரையில் ஒரு பூஜ்யம். என் முகம் மாறியிருக்க வேண்டும், ‘உள்ள முக்கியமா ஏதாச்சும் இருந்துச்சாம்மா?’ என்று கேட்டார். இல்லப்பா, சும்மா பாட்டுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மேல் தப்பில்லை கண்ணா, நீ போன் போட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், நம் நிறுத்தம் வந்தது, போனது, கடைகள் போயின, நான் இறங்கவில்லை. கடைசியில் டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘இதுக்கு மேல வண்டி போகாதும்மா’ என்றார். அதே பஸ்ஸில் திரும்பிவந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் பியானோ மூடியைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், உன்னிடம் சளி என்றேன். அவர் கேட்கிற அந்தக் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன், வார்த்தை வரும், குரல் வராது. என் குரலில்தான் வரும். அவரை இரண்டாவது தடவை நானே வழியனுப்பிவிட்டதுபோல இருந்தது.

மேல்வீட்டுக்காரியை உனக்கு முகம் தெரியும், இங்கே குடிவந்து எட்டு வருஷம் இருக்கும், ஜன்னல் திரைகள் வெட்டித் தைத்துக் கொடுக்கிறாள், என்னை அக்கா என்பாள். ஒரு நாள் காலை நான் மார்க்கெட்டிலிருந்து வந்து படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் தோளில் துணிச்சுருளைச் சாய்த்துக்கொண்டு இறங்கிவருகிறாள், வாயில் ஏதோ முனகல். மேலிருந்து நாலு சுரம் படிப்படியாக இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, பிறகு ஏறியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் மூன்று நாளோ நாலு நாளோ என் கையில் வந்து போன வீட்டுப் பாட்டு அது. அதற்குப் பிறகு நானே மறந்துபோயிருந்தேன். ஆனால் அச்சு அசலாக அது இல்லை. நான் இழுத்த இடத்தில் அவள் வெட்டினாள், அவள் தையல் மெஷினின் தடதடப்பு அதற்குள் போயிருந்தது, நான் கீழே இறக்கி முடித்ததை அவள் மேலே தூக்கி அப்படியே விட்டுவிட்டாள். இது எங்கே கேட்டது என்று கேட்டேன். ‘தெரியலக்கா, ரொம்ப நாளா வாயில ஒட்டிக்கிட்டிருக்கு. ரேடியோவுல கேட்டிருப்பேன்’ என்றாள். சுருளைச் சரிசெய்துகொண்டு போயேவிட்டாள். நான் காய்கறிப் பையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் அதை யாரிடமும் சொல்லாமல் சாக்லேட்போல வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளைக் கீழே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ‘உங்களோடதாக்கா? நான் ஏதோ பெரிய ஆளு போட்ட பாட்டுன்னுல்ல நெனச்சேன்’ என்றாள். அப்புறம் கருவி அழிந்த கதையையும் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், ‘காலையில துணி வெட்டுறப்ப மெஷின் போடமாட்டேன்க்கா, கீழ சத்தம் நல்லா கேக்கும். நீங்க நிறுத்துனதும் அண்ணன் கேப்பாரு பாருங்க, முடிஞ்சிடுச்சா மூச்சு வாங்குறியான்னு. நான் மேல இருந்தபடியே பதில் சொல்லுவேன். மூச்சு வாங்குறாங்கண்ணேன்னு சொல்லுவேன். பாதி நாள் நான் சொன்னதுதான் சரியா இருக்கும்.’ அவர் கேட்கிறதுபோலவே அவள் சொன்னாள், அந்த ‘மூச்சு’வில் அவர் கொஞ்சம் அழுத்துவாரே, அதே அழுத்தம். நான் அழுதேன், மறைக்கப்போவதில்லை. அவளும் அழுதாள். அவர் கேள்விக்கு என்னைத் தவிர ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன், தலைக்கு மேலே ஒருத்தி வருஷக்கணக்காகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ஆறரைக்கு மூடியைத் திறந்தேன். புத்தகத்தைத் தள்ளி வைத்தேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன, வந்ததெல்லாம் சாதாரணம், அழகென்று சொல்ல முடியாது. அவளுடைய முனகலைத் தொட்டுப் பார்த்தேன், அவள் தூக்கிவிட்ட இடத்திலிருந்து நான் என் வாழ்க்கையில் போகாத ஒரு பக்கம் வழி திறந்தது, போனேன். சுவரில் வெயில் இறங்குகிறதா, நான் ஏறுகிறேனா என்று புரியாமல் கொஞ்ச நேரம். பிறகு கை நின்றது. அறை அமைதியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. அந்த அமைதிக்குத்தான் மூன்று வருஷமாகப் பயந்திருந்தேன், வந்தபோது அது அவ்வளவு பெரிய ஆளாக இல்லை. மேலே கத்திரிச் சத்தமும் இல்லை, அவளும் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு நிமிஷம் போனது. பிறகு மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அவளைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது, அந்தத் தடதடப்பின் மேலேயே தொடர்ந்து வாசித்தேன், வேலைக்கு இருபது நிமிஷம் தாமதம்.

போன சனிக்கிழமை எங்கள் நாலு பேர் கச்சேரியில் அந்தச் சொனாட்டாவின் மெதுவான பகுதியை வாசித்தேன், சுண்டுவிரல் எட்டியது. இரட்டைக் கோடு வந்தது, நான் எழுந்திருக்கவில்லை, அப்படியே வீட்டுப் பாட்டுக்குள் போய்விட்டேன். முப்பது வருஷத்தில் அவர்கள் முன்னால் அதை வாசித்தது அதுதான் முதல் தடவை. பல் டாக்டர் வந்து, ‘கடைசியில வந்தது யாரோடது?’ என்று கேட்டார். எங்க மேல்வீட்டுக்காரங்களோடதுங்க என்றேன். பொய்யென்று உன்னால் சொல்ல முடியாது.

இதைப் படித்ததும் அழிந்ததை மீட்டுத் தருகிற ஆட்களை நீ தேட ஆரம்பிப்பாய். வேண்டாம், சுதி சேர்க்கிறவர் சொல்லி அதையும் பார்த்தாயிற்று, கிடைக்காது. புதுக் கருவியும் அனுப்பாதே. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ இங்கிருந்து கிளம்புகிறவரை ஐந்து வருஷம் இந்தச் சத்தத்துக்குள்தான் பல் தேய்த்தாய், சட்டை போட்டாய். பாத்திரம் கழுவும்போதோ வாலைத் தூங்கவைக்கும்போதோ நீ ஏதாவது முனகுகிறாயா என்று மருமகளிடம் கேள். உன்னிடம் கேட்டுப் பயனில்லை, முனகுகிறவனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும், வாலுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். என்னுடையதாக இல்லாமல் ரேடியோவில் வந்ததாகவே இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை போனில் பாடிக் காட்டு. தப்பாகப் பாடு, நான் திருத்த மாட்டேன், கேட்டுவிட்டு அங்கிருந்து வாசிக்கிறேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக, ஒருவர் பேசும்போது மற்றவர் காது கொடுத்து நிறைவாக வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், வாலுக்கு மருந்தை வெந்நீரில் கொடுங்கள், எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதி, படித்தும் பார்த்த
உன் அம்மா